முனியாண்டி மெஷினுக்குக் கையைக் கொடுத்தார்

திகாம் பத்து தொழிற்பேட்டையில் ரப்பர் கையுறை செய்கிற அந்தக் கம்பெனிக்கு இலக்கணத்தின் மேல் திடீரென்று பக்தி வந்ததற்கு ஒரு கடிதம்தான் காரணம். கையுறைகளை வாடிக்கையாளருக்கு அனுப்பும்படி எழுத நினைத்த ஸ்டோரில் கணக்கெழுதும் கிராணி ஒருவர், ஆங்கிலத்தில் 'சென்ட் தி க்ளவ்ஸ் தி கஸ்டமர்' என்று எழுதிவிட்டார். அந்த வாக்கியப்படி பார்த்தால் வாடிக்கையாளரைத்தான் பெட்டியில் போட்டுக் கையுறைகளுக்கு அனுப்ப வேண்டும். அந்த வெளிநாட்டு வாடிக்கையாளர் நல்ல மனிதர். தான் எந்தக் கிழமை தயாராக இருக்க வேண்டும் என்று கேட்டுப் பதில் போட்டிருந்தார். அது வேடிக்கைக்கு எழுதியது என்பது நிர்வாகத்துக்குப் பிடிபடவில்லை. மூன்று கூட்டம் நடந்தது. சரக்கு சொன்ன தேதியில் சரியாகப் போய்ச் சேர்ந்ததைப் பற்றி எந்தக் கூட்டத்திலும் யாரும் பேசவில்லை.

மூன்றாவது கூட்டத்தின் முடிவில் மொழித் தரப் பிரிவு என்று ஒன்று உண்டானது. அதற்குத் தலைவராக முனைவர் காளிதாசன் வந்து சேர்ந்தார். முப்பது வருஷம் ஆங்கில இலக்கணம் போதித்து ஓய்வு பெற்றவர். சட்டைப் பையில் எப்போதும் சிவப்புப் பேனா ஒன்றும் நீலப் பேனா ஒன்றும் இருக்கும். அவருக்கு உட்கார இடம் வேண்டுமென்று முதலுதவி அறையைக் காலி செய்து கொடுத்தார்கள். முதலுதவிப் பெட்டி கேண்டீன் ஐஸ் பெட்டியின் தலைமேல் குடியேறியது.

காளிதாசன் போட்ட சட்டம் எளிமையானது. கம்பெனியில் எழுதப்படும் எந்த அறிக்கையானாலும் அதன் முதல் வாக்கியத்தில் டைரக்ட் ஓப்ஜெக்ட் ஒன்றும் இன்டைரக்ட் ஓப்ஜெக்ட் ஒன்றும் கட்டாயம் இருக்க வேண்டும். முதலாவதைச் சிவப்பிலும் இரண்டாவதை நீலத்திலும் அடிக்கோடிட வேண்டும். இல்லாத அறிக்கை அறிக்கையே அல்ல, திரும்பி வந்துவிடும்.

இதையெல்லாம் கற்றுக்கொடுக்க சனிக்கிழமைதோறும் கேண்டீனில் வகுப்பு நடந்தது. எதைக் கொடுத்தான் என்று கேட்டால் வருவது டைரக்ட், யாருக்குக் கொடுத்தான் என்று கேட்டால் வருவது இன்டைரக்ட் என்று காளிதாசன் வெள்ளைப் பலகையில் எழுதுவார். எல்லோரும் எழுதிக்கொள்வார்கள். கேள்வி கேட்டால் எல்லோரும் காலணியைப் பார்ப்பார்கள். அந்தக் கூட்டத்தில் விஷயம் பிடிபட்டவன் வசந்தன் ஒருவன்தான்.

வசந்தன் டிப்பிங் லைனில் சூப்பர்வைசர். மெர்போக் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்து, படிவம் ஐந்தோடு பள்ளிப் படிப்பை முடித்துக்கொண்டு, இருபது வருஷமாக இதே லைனில் நின்று மேலே வந்தவன். பள்ளிக்கூடத்தில் ஆங்கிலப் பாடம் என்றாலே அவன் கடைசி வரிசைக்குப் போய்விடுவான். ஆனால் இந்த வகுப்பில் அவனுக்கு ஒன்று புரிந்தது. தமிழில் 'புத்தகத்தை' என்றால் ஒரு வால், 'தம்பிக்கு' என்றால் இன்னொரு வால். வால் இருப்பதால் சொல்லை எங்கே தூக்கிப் போட்டாலும் அது இன்னதென்று தெரிந்துவிடும். ஆங்கிலத்தில் சொல்லுக்கு வால் இல்லை. உட்கார்ந்திருக்கிற நாற்காலியை வைத்துத்தான் ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும். இதை அவன் எழுந்து சொன்னபோது காளிதாசன் பேனா மூடியைக் கீழே போட்டுவிட்டார். அடுத்த வாரமே வசந்தன் சட்டையில் 'ஓப்ஜெக்ட் சாம்பியன்' என்ற வட்ட பேட்ஜ் குத்தப்பட்டது. வீட்டில் அவன் மனைவி ஷீலா அந்தச் சட்டையைத் தனியாகத் துவைத்தாள்.

சட்டம் வந்த பிறகு கம்பெனியில் வேலைகள் புது முறையில் நடந்தன. ஆண்கள் கழிப்பறையில் குழாய் ஒழுகியது. 'தி பைப் இஸ் லீக்கிங்' என்று எழுதிக் கொடுத்த அறிக்கை, ஓப்ஜெக்ட் இல்லை என்று மூன்று தடவை திரும்பி வந்தது. பதினோரு நாள் எல்லோரும் முழங்கால்வரை கால்சட்டையை மடித்துக்கொண்டு போய் வந்தார்கள். கடைசியில் வசந்தன் யோசித்து, குழாய் தரைக்குத் தண்ணீரைக் கொடுத்தது என்கிற அர்த்தத்தில் 'தி பைப் கேவ் தி ஃப்ளோர் வாட்டர்' என்று எழுதினான். தண்ணீர் சிவப்பு, தரை நீலம். அன்று மத்தியானமே பிளம்பர் வந்துவிட்டார். அதிலிருந்து எந்தப் பிரிவில் எது கெட்டாலும் ஆட்கள் வசந்தனைத் தேடி வந்தார்கள். விளக்கு எரியாவிட்டால், விளக்கு மேசைக்கு இருட்டைக் கொடுத்தது. கேண்டீன் சோறு கெட்டால், சோறு பேக்கிங் பிரிவு பிரிமாவதிக்கு வாந்தியைக் கொடுத்தது. வசந்தனுக்கு நடையே மாறிவிட்டது என்று லைனில் பேசிக்கொண்டார்கள்.

அவன் லைனில் முனியாண்டி என்று ஒருவர் இருந்தார். ஐம்பத்தாறு வயது. வசந்தன் பிறந்த அதே தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். ரப்பரை அழித்துச் செம்பனை வைத்த பிறகு இங்கே வந்தவர். பீங்கான் கை அச்சுகள் வரிசையாகச் சங்கிலியில் தொங்கிக்கொண்டு ரப்பர் பால் தொட்டியில் முங்கி எழுந்து போகும். சங்கிலிச் சக்கரத்தில் பால் கட்டி ஒட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வது முனியாண்டியின் வேலை. அந்தச் சக்கரத்துக்கு மேலே இருந்த இரும்பு மூடி ஒரு பக்கம் உடைந்து போயிருந்தது. முனியாண்டி வந்து சொன்னார். வசந்தன், 'தி கவர் இஸ் புரோக்கன்' என்று எழுதிப் போட்டான். ஓப்ஜெக்ட் இல்லை என்று திரும்பி வந்தது. இன்னொரு தடவை அதையே அழகான கையெழுத்தில் எழுதினான். அதுவும் திரும்பி வந்தது. மூடி எதை யாருக்குக் கொடுக்கும் என்று இரண்டு நாள் யோசித்தான். குழாய்க்கும் சோற்றுக்கும் வந்த வாக்கியம் மூடிக்கு வரவில்லை. பிறகு வேலை அதிகமானதில் மறந்துவிட்டான். மறந்துவிட்டான் என்றுதான் தனக்குச் சொல்லிக்கொண்டான்.

ஒரு புதன்கிழமை மாலை மூன்று மணிக்குச் சக்கரத்தில் கட்டி அடைத்தது. லைனை நிறுத்தினால் நிறுத்தியதற்குத் தனி அறிக்கை, அதற்கும் இரண்டு ஓப்ஜெக்ட். ஓடும்போதே கட்டியைத் தட்டிவிடச் சொன்னான் வசந்தன்.

"மூடி இல்லியே தம்பி, நிப்பாட்டிட்டுச் செய்யலாம்லா," என்றார் முனியாண்டி.

"ஒரு நிமிஷ வேலைதானேண்ணே. தட்டிட்டு வாங்க."

முனியாண்டி ஒரு நிமிஷம் நின்றார். பிறகு போனார்.

வலது கையில் இரண்டு விரல்கள் போயின. முதலுதவிப் பெட்டி எங்கே என்று ஆட்கள் பழைய அறைக்கு ஓட, அங்கே காளிதாசன் யாரோ எழுதிய விடுப்பு விண்ணப்பத்தைத் திருத்திக்கொண்டிருந்தார். ஐஸ் பெட்டி மேலிருந்து பெட்டியை இறக்கிக் கொண்டுவருவதற்குள் வசந்தன் தன் சட்டையைக் கழற்றி முனியாண்டியின் கையில் சுற்றிவிட்டான். பேட்ஜ் குத்தியிருந்த சட்டை. அப்படியே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

விபத்து அறிக்கையை இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். மறுநாள் காலை வசந்தன் எழுத உட்கார்ந்தான். முனியாண்டி காயமடைந்தார் என்று எழுதினான். ஓப்ஜெக்ட் இல்லை, திரும்பி வந்தது. சங்கிலி முனியாண்டியின் விரல்களைப் பிடித்தது என்று எழுதினான். டைரக்ட் இருக்கிறது, இன்டைரக்ட் எங்கே என்று நீலப் பேனாவால் ஓரத்தில் கேள்விக்குறி போட்டுத் திருப்பினார் காளிதாசன். கூப்பிட்டு வைத்து ஆறுதலும் சொன்னார்.

"பதட்டப்படாதீங்க வசந்தன். ரத்தத்தைப் பார்த்தா மனுஷனுக்கு இலக்கணம் தடுமாறும், அது இயற்கை. நான் அந்த வலியையெல்லாம் கேட்கல. அந்த வலி யாருக்குப் போய்ச் சேர்ந்ததுங்கிறத மட்டும் சரியான எடத்துல வையுங்க. மத்தது டாக்டர் பாத்துக்குவார்."

வசந்தன் திரும்பி வந்து உட்கார்ந்தான். இந்த முறை யோசிக்கவே தேவைப்படவில்லை. 'ஐ கேவ் முனியாண்டி தி ஆர்டர்.' நான் முனியாண்டிக்கு உத்தரவைக் கொடுத்தேன். எழுதி முடித்து, உத்தரவைச் சிவப்பிலும் முனியாண்டியை நீலத்திலும் கோடு போட்டான். வகுப்பில் காட்டலாம் போல அவ்வளவு சுத்தமான வாக்கியம். அதை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். சிவப்பும் போடாமல் நீலமும் போடாமல் முதலில் ஒரு சொல் நின்றது. ஒரே ஒரு எழுத்து. அவனுக்கு வீட்டுக் கடன் நினைவு வரவில்லை, பிள்ளைகள் நினைவு வரவில்லை. அப்படி ஏதாவது வந்திருந்தால் பின்னால் சொல்லிக்கொள்ள வசதியாக இருந்திருக்கும். வெறும் பயம்தான் வந்தது. தாளை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, புதுத் தாள் எடுத்தான்.

'முனியாண்டி கேவ் தி மெஷின் ஹிஸ் ஹேண்ட்.'

முனியாண்டி மெஷினுக்குத் தன் கையைக் கொடுத்தார். கை சிவப்பு. மெஷின் நீலம்.

பத்து நிமிஷத்தில் ஒப்புதல் வந்தது. காளிதாசன் தாளோடு தானே நடந்து வந்து, முப்பது வருஷத்தில் இவ்வளவு தெளிவான வாக்கியம் ஒன்றைத் தொழிற்சாலையில் பார்த்ததில்லை என்று வசந்தனின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

அடுத்த திங்கள்கிழமை அந்த வாக்கியம் மாதத்தின் சிறந்த வாக்கியமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. லேமினேட் செய்து எல்லா லைனிலும் தொங்கவிட்டார்கள். காலைக் கூட்டத்தில் முன்னூறு பேர் ஒரே குரலில் சொல்லிப் பழகினார்கள். 'முனியாண்டி கேவ்' என்றதும் ஒரு நிறுத்தம். 'தி மெஷின்' என்றதும் இடது கையைத் தூக்க வேண்டும். 'ஹிஸ் ஹேண்ட்' என்றதும் வலது கையைத் தூக்க வேண்டும். மேனேஜர் நூர்தீன் மேடையேறி, விபத்துகளே இல்லாத கம்பெனிகள் நாட்டில் எத்தனையோ இருக்கின்றன, விபத்தைக்கூடப் பிழையில்லாமல் எழுதுகிற கம்பெனி இது ஒன்றுதான் என்று பேசினார். வசந்தனுக்கு ஒரு பரிசுக் கூடை கிடைத்தது. மைலோ, பிஸ்கட், சார்டின் டின். கூடையைப் பிடித்தபடி அவன் நிற்கிற படம் நோட்டீஸ் பலகையில் இருந்தது. அந்தப் படத்தில் அவன் வாந்தி எடுக்கப் போகிறவன் மாதிரி இருந்தான். வெட்கம் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

அந்தக் கூடையை அவனால் வீட்டுக்குக் கொண்டுபோக முடியவில்லை. நேரே மெர்போக்கில் முனியாண்டி வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனான். முனியாண்டியின் மனைவி பாப்பம்மா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். கம்பெனியிலிருந்து வேறு யாரும் எட்டிப் பார்க்கவில்லை, நீதான் நம்ம தோட்டத்துப் பிள்ளை என்று சொல்லித் தேத்தண்ணீர் கலக்கப் போனாள். முனியாண்டி கட்டுப் போட்ட கையைத் தலையணை மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தன் பெயரைக் கம்பெனி முழுக்கத் தினமும் சொல்கிறார்களாமே என்று கேட்டார். அவர் முகத்தில் கொஞ்சம் கூச்சம் இருந்தது, கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது.

"நீ எழுதினதாமே. என்னான்னு எழுதியிருக்கே?"

"நீங்க அடிபட்டதப் பத்திண்ணே," என்றான் வசந்தன்.

தேத்தண்ணீர் வந்தது. அவன் சூடு பார்க்காமல் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டு கிளம்பினான். அன்றிலிருந்து சாப்பாட்டில் ருசி தெரியவில்லை. ஷீலா கேட்டதற்கு நாக்கு சுட்டுவிட்டது என்றான். ஒரு வாரம் கழித்தும் அதையே சொன்னான்.

மூன்றாவது வாரம் முனியாண்டிக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் போனது. அவர் வேறு யாரிடம் கொண்டுபோவார்? பேருந்து பிடித்து வசந்தன் வீட்டுக்கு வந்து நீட்டினார். வசந்தன் வாசற்படியில் நின்றபடியே படித்தான். கம்பெனி விதிப்படி தொழிலாளர்கள் மெஷினுக்கு அச்சைத் தவிர வேறு எந்தப் பொருளையும் கொடுக்கக் கூடாது. முனியாண்டி என்பவர் அனுமதியின்றித் தன் கையைக் கொடுத்திருப்பது அங்கீகரிக்கப்பட்ட வாக்கியத்தால் நிரூபணமாகிறது. ஆகவே இதை வேலையில் நடந்த விபத்தாகக் கம்பெனி கருதவில்லை. ஏன் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று வியாழக்கிழமை நேரில் வந்து விளக்கம் தரவும். மொழிபெயர்ப்பாளராகத் திரு. வசந்தன் உதவுவார்.

என்ன போட்டிருக்கிறது என்று முனியாண்டி கேட்டார். வியாழக்கிழமை விசாரணைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள் என்று மட்டும் சொன்னான். அது உண்மைதான். கடிதத்தில் அவ்வளவுதான் உண்மை.

வியாழக்கிழமை, முன்பு முதலுதவி அறையாக இருந்த அறையில் விசாரணை நடந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் நூர்தீனும் காளிதாசனும். இந்தப் பக்கம் முனியாண்டியும், அவரைப் பிடித்துக்கொண்டு வந்த பாப்பம்மாவும், வசந்தனும். அங்கே இருந்த எல்லோருக்குமே தமிழ் தெரியும் என்றாலும் விசாரணை மொழி ஆங்கிலம் என்பது சட்டம். காளிதாசன் ஆங்கிலத்தில் கேட்டார்: உங்கள் கையை மெஷினுக்குக் கொடுத்தது நீங்கள்தானா? பிறகு வசந்தனைப் பார்த்து, தமிழில் கேட்கும்படி தலையசைத்தார்.

வசந்தன் முனியாண்டி பக்கம் திரும்பினான். பையில் கை விட்டான். மூன்று வாரமாகக் கால்சட்டை மாற்றும்போதெல்லாம் அந்தத் தாளையும் மாற்றிக்கொண்டிருந்தான். எடுத்து மேசைமேல் விரித்தான்.

"நான்தான் சொன்னேன் சார். மூடி உடைஞ்சிருக்குன்னு அண்ணன் சொன்னாரு. லைன நிப்பாட்டலாம்னும் சொன்னாரு. நான்தான் ஓடும்போதே தட்டச் சொன்னேன். மொதல்ல எழுதினது இதுதான். அப்புறந்தான் மாத்தினேன்."

காளிதாசன் தாளை இழுத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். உத்தரவு, டைரக்ட், சரி. முனியாண்டி, இன்டைரக்ட், சரி. கோடுகள் நேராக இருக்கின்றன. முழு மதிப்பெண் தரலாம் என்று சொல்லி நூர்தீன் பக்கம் தள்ளினார். நூர்தீன் அதைத் தொடாமல் ஆங்கிலத்தில் கேட்டார்.

"ஒரே விபத்துக்கு ரெண்டு வாக்கியம் இருக்க முடியாது டாக்டர். எத வச்சுக்கிறது?"

காளிதாசன் உண்மையாகவே வருத்தப்பட்டார். "இலக்கணப்படி ரெண்டும் சமம்தான். சொல்லப்போனா இது கொஞ்சம் கூடுதல் அழகு. ஆனா அத லேமினேட் பண்ணியாச்சே."

"அப்போ சரி," என்றார் நூர்தீன்.

வசந்தனின் வாக்குமூலம் பயிற்சித் தாள் என்று குறிக்கப்பட்டுக் கோப்பில் சேர்ந்தது. முனியாண்டிக்குக் கருணை அடிப்படையில் எச்சரிக்கை மட்டும் கொடுத்து, விபத்து வேலை விபத்தல்ல என்று முடித்தார்கள். அன்று மாலையே வசந்தனை சூப்பர்வைசர் வேலையிலிருந்து பேக்கிங் பிரிவுக்கு மாற்றினார்கள். அறிக்கையில் 'நான்' என்று எழுதுவது கம்பெனி நடைக்கு ஒத்துவராது என்பது காரணமாகக் காட்டப்பட்டிருந்தது.

வெளியே கார் நிறுத்துமிடத்தில் முனியாண்டி நின்றுகொண்டிருந்தார். உள்ளே என்ன பேசிக்கொண்டார்கள் என்று அவருக்குப் பாதிதான் விளங்கியிருந்தது. வசந்தன் அவர் முன்னால் நின்று, கம்பெனி முழுக்கச் சொல்கிற அந்த வாக்கியத்தைத் தமிழில் சொன்னான். ஒரு தடவைதான் சொன்னான். அதற்குமேல் முடியவில்லை.

"நீ சொல்லித்தான் போனேன்னு எனக்குத் தெரியாதா தம்பி? நான் அங்கதானே நின்னேன்." முனியாண்டி நிறுத்தினார். "அது பரவால்ல. வேல எடத்துல நடக்கும். ஆனா நானாக் குடுத்தேன்னு எழுதியிருக்கியே."

பாப்பம்மா ஒன்றும் திட்டவில்லை. கூடையில் வந்த சார்டின் இன்னும் இரண்டு டின் பிரிக்காமல் இருக்கிறது, வந்து எடுத்துக்கொண்டு போய்விடு என்றாள். வசந்தனுக்கு அதற்குப் பதில் அவள் செருப்பால் அடித்திருக்கலாம் போல இருந்தது.

திங்கட்கிழமை தொழிலாளர் அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம், தான் வந்து சாட்சி சொல்கிறேன் என்றான். முனியாண்டி யோசித்தார். யோசித்துவிட்டு, எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டார்.

திங்கட்கிழமை வசந்தன் லீவு எடுத்துக்கொண்டு காரில் போய் அவரை ஏற்றிக்கொண்டான். சுங்கை பட்டாணி அலுவலகத்தில் ஒரு நடுத்தர வயதுப் பெண் அதிகாரி மலாயில் கேட்டு மலாயிலேயே எழுதிக்கொண்டார். எந்த நிறத்திலும் கோடு போடவில்லை. மூடி எப்போது உடைந்தது, எத்தனை நாளாகச் சொன்னார்கள், லைன் ஓடிக்கொண்டிருந்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கடைசியில் பேனாவை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"சியாப்பா சுரூ?" யார் செய்யச் சொன்னது?

"சாயா," என்றான் வசந்தன். நான்.

அவர் எழுதிக்கொண்டார். அவ்வளவுதான். அரை மணி நேரத்தில் வேலை முடிந்துவிட்டது. இரண்டு மாதம் கழித்து, அது வேலையில் நடந்த விபத்துதான் என்று முடிவாகிக் கடிதம் வந்தது. கம்பெனியில் புது மூடியும் போட்டார்கள். அந்த மாதத்துச் சிறந்த வாக்கியம் அந்த மூடியைப் பற்றியதாக இருந்தது என்று பேக்கிங்கில் பேசிக்கொண்டார்கள். வசந்தன் போய்ப் படிக்கவில்லை.

அன்றைக்கு இதெல்லாம் யாருக்கும் தெரியாது. அலுவலகத்தை விட்டு வெளியே வந்தபோது நல்ல வெயில். முனியாண்டி காரில் ஏறி, இடது கையால் இருக்கைப் பட்டையை இழுத்துக் கொக்கியில் மாட்டப் பார்த்தார். கட்டுப் போட்ட கை குறுக்கே நின்று இடைஞ்சல் செய்தது. கொக்கி நழுவியது. வசந்தன் மாட்டிவிடலாம் என்று குனிந்து கையை நீட்டினான்.

"வேணாம் தம்பி," என்றார் முனியாண்டி.

கோபமாகச் சொல்லவில்லை. இரண்டாவது தடவையும் நழுவியது, மூன்றாவது தடவையும் நழுவியது. வசந்தன் இரண்டு கையையும் ஸ்டியரிங் மேல் வைத்துக்கொண்டு, முன்னால் தெரிந்த சாலையைப் பார்த்தபடி, அவர் மாட்டி முடிக்கும்வரை காத்திருந்தான்.